விபஸ்ஸனா தியானமும் சித்தாந்த சாதனமும்

சைவ நன்மக்கள் வாழும் இல்லங்கள் பலவற்றில் அண்மைக் காலத்தே ஒரு வழக்கம் புகுந்து நிலைத்து வருகின்றது. வைகறையில் எழுந்து, நீராடித் திருநீறணிந்து, திருவைந்தெழுத்தை உருவேற்றற்குரிய வேளையிலே, கைப்பேசியைத் திறந்து, அதனினின்றும் எழும் ஒரு குரலின் ஏவல்வழிக் கண்மூடியிருந்து, மூச்சு உட்புகுதலையும் வெளிப்போதலையும் நோக்கியிருத்தலே அவ்வழக்கமாம். இதனைக் காணும் முதியோருட் சிலர், "பௌத்தம் வீட்டினுள் நுழைந்தது" என்று வெகுள்கின்றனர். இளைஞருட் பலர், "இதில் சமயம் ஒன்றுமில்லை; மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி மாத்திரமே" என்கின்றனர். இருதிறத்தாரும் ஆராய்ந்து கூறுகின்றாரல்லர். பிறர் கொள்கையை உள்ளவாறு எடுத்தோதி, கொள்ளற்பாலதைக் கொண்டு, தள்ளற்பாலதைக் காரணங்காட்டித் தள்ளுதலே, பரபக்கம் அருளிய அருணந்தி சிவாசாரியர் நமக்குக் காட்டிய நெறி. அந்நெறி பற்றி இப்பயிற்சியை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இதன் வரலாறு. விபஸ்ஸனா என இன்று வழங்கும் தியானமுறை பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களை மூலமாக உடையது. மஜ்ஜிம நிகாயத்துட் பத்தாவதாக வைக்கப்பெற்ற ஸதிபட்டான சூத்திரம் இதற்குத் தலையாய பிரமாணம். விபஸ்ஸனா என்னும் சொற்குப் பகுத்துக் காண்டல், ஊடுருவிக் காண்டல் என்பது பொருள். துறவிகளுட் சிலர்க்கே உரியதாயிருந்த இதனை இல்லறத்தாரும் பயிலுமாறு பரப்பியவருள் முதல்வர் பர்மா தேசத்து லெடி சயாடோ (1846-1923) ஆவர். அவர்க்குப் பின்வந்த மஹாஸி சயாடோ (1904-1982) வயிறு எழுதலையும் தாழ்தலையும் நோக்கிக் குறித்துக்கொள்ளும் முறையைக் கற்பித்தார். பர்மிய அரசாங்கத்தில் உயர்ந்த கணக்கதிகாரியாக இருந்த உ பா கின் (1899-1971) என்னும் இல்லறத்தாரிடம் பயின்ற சத்திய நாராயண கோயங்கா (1924-2013), 1969-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து பத்துநாட் பயிற்சிகளை நடத்தத் தொடங்கினார். மகாராஷ்டிரத்து இகத்புரியில் உள்ள தம்மகிரி அவர் மரபின் தலைமை நிலையம். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் அம்மரபினர்க்கு ஒரு நிலையம் உண்டு.

மேனாட்டில் இஃது வேறொரு கோலம் பூண்டது. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் சர்வகலாசாலையின் மருத்துவப் பள்ளியில், பௌத்த தியானம் பயின்ற ஜான் கபாட்-ஸின் என்னும் அறிஞர், தீராத நோவுற்றோர்க்காக 1979-ஆம் ஆண்டில் பயிற்சியொன்றை வகுத்தார். சமயச் சடங்குகளை நீக்கி மருத்துவ மொழியில் அமைக்கப்பட்ட அப்பயிற்சியில், மாணாக்கர் வீட்டிலிருந்து ஒலிப்பதிவைக் கேட்டு நாடோறும் பழகுதலும் ஒரு பகுதியாயிற்று. 2010-ஆம் ஆண்டிற்குப் பின் கைப்பேசிச் செயலிகள் பல தோன்றின. 2020-இல் பெருந்தொற்றால் மக்கள் வீட்டினுள் அடைபட்டபோது இணையவழிப் பயிற்சி எங்கும் பரந்தது. பர்மியத் துறவியின் குகையிலிருந்து நம் இளைஞன் படுக்கையறை வரை இப்பயிற்சி வந்த வழி இதுவே.

இதனாற் பயனில்லை என்று நாம் கூறவில்லை. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆராய்ச்சி, 3515 பேரைக்கொண்ட 47 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி, இத்தகைய தியானப் பயிற்சிகளால் மனக்கலக்கம், சோர்வு, உடல்நோவு ஆகியவை ஓரளவு தணிகின்றன என்றது. மருந்து, தேகப்பயிற்சி முதலியவற்றினும் இவை மேம்பட்டன என்பதற்குச் சான்றில்லை என்றும் அதுவே கூறிற்று. உறக்கமின்றி வருந்துவோன் மருத்துவர் சொற்படி இதனை மருந்தாகக் கொள்வானாயின் சைவம் அதனைத் தடுக்காது. கபநோய்க்குத் திப்பிலி உண்பவன் திப்பிலியைத் தெய்வமாகக் கொள்வதில்லை. மருந்தை மருந்தென்று அறிந்து உண்பவனோடு நமக்கு வழக்கில்லை. அதனையே வீடுபேற்றிற்குச் சாதனமெனக் கொண்டு தன் சாதனத்தைக் கைவிடுவானோடுதான் வழக்கு.

நிற்க. "இதிற் சமயம் இல்லை" என்பது எத்துணை உண்மை? கோயங்கா மரபின் பத்துநாட் பயிற்சி, புத்தம் தம்மம் சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைதலோடும் ஒழுக்க விரதங்களை ஏற்றலோடும் தொடங்குகின்றது. முதல் மூன்றுநாள் மூச்சை நோக்குதலும், நான்காம் நாள்முதல் உடல் முழுதும் எழும் உணர்ச்சிகளை நோக்குதலும் கற்பிக்கப்படும். பயிற்சி முடியுங்காறும் செபம், பூசை, தூபம், மாலையுருட்டல், மந்திரம் ஆகிய யாவற்றையும் நிறுத்திவைத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதி. பிற நெறிகளை இகழ்தற்கன்று, இம்முறையைக் கலப்பின்றிப் பரிசோதித்தற்கே இவ்விதி என்றும் அவர்கள் வெளிப்படையாகக் கூறுகின்றனர். கூலி பெறாது கற்பிக்கும் அவர்தம் நேர்மையை நாம் மெச்சுகின்றோம். ஆயின், சமயதீக்கை பெற்று நித்திய கருமாநுட்டானம் வழுவாது செய்வேன் என்று ஆசாரியன்முன் ஒப்புக்கொண்ட சைவனுக்கு, அப்பத்து நாளும் திருவைந்தெழுத்தை வாய்திறவாதிருக்க உரிமையுண்டோ? பிறந்தநாள் விழாவை ஒத்திவைப்பதுபோல் ஒத்திவைக்கத்தக்கதோ பஞ்சாக்கரம்? இவ்வினாவை அவனே தன்னுள் வினாவிக்கொள்ளுதல் வேண்டும். இல்லத்திலிருந்து செயலி வழிப் பயில்வோனுக்கு அவ்விதி காதில் விழுவதேயில்லை. ஆதலின் அவன் வினாவாமலே கைவிட்டுவிடுகின்றான்.

இனிக் கொள்கையை நோக்குவாம். ஸதிபட்டான சூத்திரம் உடல், நுகர்ச்சி, சித்தம், தம்மம் என நான்கினைக் காணும் பொருளாக வகுக்கின்றது. எழுவன யாவும் அழிவன, அவை துன்பம், அவை நான் அல்ல, எனது அல்ல என்று காண்டலே பயன். இதனைக் கேட்ட சித்தாந்தி திடுக்கிட வேண்டுவதில்லை. உடம்பும் பொறியும் பிராணனும் அந்தக்கரணமும் உயிரல்ல என்பதை மெய்கண்டதேவர் சிவஞான போதத்து மூன்றாஞ் சூத்திரத்தும் நான்காஞ் சூத்திரத்தும் நிறுவினார். முப்பத்தாறு தத்துவங்களையும் தன்னின் வேறெனக் கண்டு கழித்தலே நம் சாதனத்தின் தொடக்கம். தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி, ஆன்மரூபம், ஆன்மதரிசனம், ஆன்மசுத்தி, சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் எனத் தசகாரியம் பத்து. உண்மைநெறி விளக்கம் என்னும் சாத்திரம் இவற்றை விளக்குதற்கென்றே எழுந்தது. தத்துவங்களின் இயல்பை அறிதலும், அவை சடமென்று காண்டலும் ஆகிய முதலிரண்டு காரியங்களோடு விபஸ்ஸனாவிற்கு ஒப்புமை உண்டு என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதாகிய தத்துவசுத்தியோ திருவருள் விளங்கியவழியே நிகழ்வது. ஆதலின், விபஸ்ஸனாவால் எய்துவதெல்லாம் எய்தியவனும் நம் கணக்கிற் பத்துட் கடந்தது இரண்டே, எஞ்சியது எட்டு. ஆண்டே வீடென்று அமர்ந்தால், கோயிலின் புறமதிலைத் தொட்டு மீண்டவன் கருவறை கண்டேன் என்றது போலாம்.

"எட்டு எஞ்சியுள்ளன என்பது உம் கொள்கை, உயிர் என நிலைத்த பொருள் ஒன்று உண்டென்றாலன்றோ ஆன்மரூபம் முதலியன வேண்டப்படும்?" என்று பௌத்தர் வினாவுவர். இதற்கு விடை அவர் கைக்கொண்ட சொல்லிலேயே உளது. ஸதி என்னும் பாலிச்சொல் வடமொழியில் ஸ்மிருதி. நினைவு, மறவாமை என்பதே அதன் முதற்பொருள். ரீஸ் டேவிட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1881-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் மனவிழிப்பு என்னும் பொருள்படும் சொல்லை இட்டது முதல், விழிப்பு என்னும் பொருள் மேலோங்க, நினைவு என்னும் பொருள் மங்கிற்று. மறவாமை உண்டெனின் மறவாதவன் ஒருவன் உண்டு. நேற்று எழுந்த மூச்சையும் இன்று எழுந்த மூச்சையும் ஒப்பிட்டு, இரண்டும் நிலையாதன எனத் துணிபவன், அவ்விரண்டினும் நிலைத்தவனாதல் வேண்டும். தானும் அவற்றோடு கணந்தோறும் அழிபவனாயின் ஒப்பிடுவார் யார்?

"முன்னைக்கணத்து அறிவு தன் வாசனையைப் பின்னைக்கணத்து அறிவிற்குத் தந்து கெடும், சந்தானம் அறாமையின் நினைவு கூடும்" என்பது அவர் கூறும் அமைதி. தந்தபின் கெட்டதோ, கெட்டபின் தந்ததோ? தருங்காறும் நின்றதெனின் கணபங்கம் வழுவிற்று. நில்லாது கெட்டதெனின் தருவது யாது? இனி, "நான் அல்ல, எனது அல்ல" என்று ஒவ்வொன்றையும் விலக்கிச் செல்லும் அறிவு ஒன்று உண்டன்றோ? எல்லாவற்றையும் விலக்கிய பின்னும் விலக்கிய அறிவு எஞ்சும். இல்லை என்பதே உள்ளதற்குச் சான்றாதலைத்தான் மெய்கண்டதேவர் மூன்றாஞ் சூத்திரத்தின் முதலில் வைத்தருளினார். உயிரில்லை எனத் துணிதற்கு விபஸ்ஸனா செய்வோன், உயிருண்மையைத் தன் பயிற்சியாலேயே நிறுவுகின்றான்.

இன்னும் ஒன்று. பயில்வோர் பலர் விரும்புவது எண்ணம் அடங்கிய அமைதியை. அவ்வமைதி நன்றே. ஆயினும் எண்ணம் அடங்கிய நிலைகளெல்லாம் ஒருதன்மையன அல்ல. உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என அவத்தை மூன்று. கருவிகள் கூடாது ஆணவ இருளில் அறிவு விளங்காது கிடத்தல் கேவலம். கருவிகளோடு கூடி விடயங்களை நுகர்தல் சகலம். கருவிகளைக் கழன்று திருவருளோடு கூடி நிற்றல் சுத்தம். புறத்தே காண்பார்க்குக் கேவலமும் சுத்தமும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டினும் கருவிகளின் ஆரவாரம் இல்லை. இருளில் விழித்திருக்கும் கண்ணும் நண்பகல் ஒளியில் நிற்கும் கண்ணும் ஒருநிகரனவோ? சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. செம்மலரைச் சார்ந்த படிகம் செம்மையாம். நீலத்தைச் சார்ந்தது நீலமாம். ஒன்றையும் சாராதிருப்பேன் என்று உயிர் கருதினும் அஃது இயலாது. பதியைச் சாராதாயின் பாசத்தையே சாரும். மூச்சு சடம். சடத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு அடங்கிய உயிர், அருளைச் சார்ந்து அடங்கிற்று என்று எதனாற் கூறுதும்? பயிற்சி முடிந்து எழுந்தவுடன் பழைய வெகுளியும் பழைய ஆசையும் குன்றாது எழுமாயின், மலம் கழியவில்லை, உறங்கியதே என்று அறிந்துகொள்க.

இனி, குரு இன்றி வீட்டிலிருந்து பயிலுதல் தகுமோ என்பது. இதற்கு நம் நூல்களைக் காட்டுமுன் பௌத்த நூல்களையே காட்டுவாம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினரும் காஞ்சியிற் சிலகாலம் தங்கியிருந்தவருமாகிய புத்தகோஷர் விசுத்திமக்கம் என்னும் நூலில், தியானம் பயில்வோன் நல்லாசிரியனை அடைந்து அவன்பால் தியானப் பொருளைப் பெறுதல் வேண்டும் என விதித்தார். மக்களியல்பை ஆறு வகையாகவும், தியானப் பொருளை நாற்பதாகவும் வகுத்து, இன்னார்க்கு இன்னது தகும் என்றும் காட்டினார். ஆசை மிக்கோனுக்கு ஏற்றது வெகுளி மிக்கோனுக்கு ஏலாது. விபஸ்ஸனா முதிருங்கால் ஒளி, உவகை, அமைதி முதலிய பத்து நிகழ்ச்சிகள் தோன்றும் எனவும், அவற்றையே பேறென மயங்குதல் குற்றம் எனவும், அதற்குமேல் அச்சம் விளைக்கும் அறிவுநிலைகள் உண்டு எனவும் அந்நூலே எச்சரிக்கின்றது. அமெரிக்காவில் பிரௌன் சர்வகலாசாலையார் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் தியானம் பயின்றோருட் சிலர்க்கு அச்சம், உறக்கமின்மை, தன்னுணர்வு சிதைதல் முதலியன நேர்ந்தமையைத் தொகுத்துக் கூறுகின்றது. கோயங்கா மரபினரும், ஒலிப்பதிவைக் கொண்டே கற்பிப்பினும், முதற்பயிற்சியை வீட்டிலிருந்து தனியே செய்ய ஒப்புவதில்லை. அருகில் ஆசிரியர் ஒருவர் இருந்து ஐயம் தீர்த்தல் வேண்டும் என்பர். ஆகவே, செயலியை மாத்திரம் நம்பி விபஸ்ஸனா பயில்வோன் சைவ விதியை மீறுமுன்னரே பௌத்த விதியை மீறினவனாகின்றான்.

நம் சாத்திரமோ இதனினும் ஆழ்ந்து செல்கின்றது. ஐம்புல வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்கு, நீ வேடனல்லை, அரசன் மகன் என்று உணர்த்த அரசனே வருதல் வேண்டும் என்பது எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்குத் திருவுருக்காட்டி எதிர்நின்றும் உணர்த்தும் இறைவன், சகலராகிய நமக்கு மானிடச் சட்டை சாத்திய ஆசாரியனாக வந்து உணர்த்துகின்றான். அவ்வாசாரியன் மாணாக்கனது மலபரிபாகத்தையும் சத்திநிபாதத்தையும் நோக்கி, மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்னும் நான்கனுள் இவன் எவன் என்று தெளிந்து, அதற்கேற்பத் தீக்கை செய்வான். "வாசக தீக்கை என்பதும் குரல் வழித்தன்றோ? பதிவான குரலும் அதுபோலாகாதோ?" என்று ஒருவர் வினாவலாம். ஆகாது. ஆயிரவர்க்கு ஒரே சொல்லை ஒரே தொனியில் ஒலிக்கும் கருவி, கேட்பவன் யாவன் என அறியாது. அவன் கண்ணீர் விட்டாலும் அது நில்லாது. அவன் உறங்கினாலும் எழுப்பாது. நோயாளியைப் பாராது எழுதிய மருந்துச்சீட்டுப் போல்வது அது. திரையின் வழியேயாயினும் ஆசிரியனும் மாணாக்கனும் ஒருவரையொருவர் கண்டு வினாவும் விடையுமாகப் பயிலுதல் அதனினும் மேலது. சாத்திரம் பாடங்கேட்டற்கு அஃது உதவும். ஆயினும் பாடம் வேறு, தீக்கை வேறு.

இங்ஙனம் கூறுதலால், இப்பயிற்சியிற் புகுந்த இளைஞரை இகழ்ந்து ஒதுக்குதல் நம் கருத்தன்று. திருத்தொண்டர் புராணத்துச் சாக்கிய நாயனாரை நினைமின். திருச்சங்கமங்கையிற் பிறந்த அவர் பிறவி நீங்கும் வழி தேடிக் காஞ்சியை அடைந்து பௌத்தராயினார். அங்கே ஆராய்ந்து அமைதியுறாது, வினையும், அதனை இயற்றுவோனும், அதன் பயனும், அப்பயனை ஊட்டும் முதல்வனும் என நான்கும் வேண்டும் என்று திருவருளால் தெளிந்தார். பௌத்தம் முதல் மூன்றனையும் ஒருவாறு பேசினும், இயற்றுவோனை நிலைத்தவனாகக் கொள்ளாது, ஊட்டுவோனைக் கொள்ளவே கொள்ளாது என்பதைக் கண்டார். கண்ட பின்னும் பூண்ட வேடத்தை அவர் மாற்றிற்றிலர். வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் அன்பினால் நாடோறும் ஒரு கல் எறிந்தே உண்டார். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்தவுடன் உணவை விட்டு ஓடிச்சென்று எறிந்தார். அன்றே இறைவன் வெளிப்பட்டருளினான். அவரை உய்வித்தது வேடமா? எறிந்த கல்லா? மறவாமையே உய்வித்தது, அம்மறவாமைக்கு மறக்கலாகாத பொருள் ஒன்று வாய்த்திருந்தமையே உய்வித்தது. ஸதி என்னும் சொல்லுக்குச் சாக்கிய நாயனார் வாழ்ந்துகாட்டிய உரையினும் சிறந்த உரை யாது உளது?

ஆகலின் நம் கடமைகள் சில. இளைஞர் மூச்சை நோக்கச் சென்றது, அமைந்திருக்கும் வகையை நம்மவர் அவர்க்குக் கற்பியாமையினாலேயாம். திருநீறு பூசு என்கின்றோம். பூசியபின் என் செய்வது என்று கூறுகின்றோமில்லை. செபமாலை தருகின்றோம், மனம் ஓடுங்கால் மீட்கும் வகை கூறுகின்றோமில்லை. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்று கணக்குக் கூறி, அசபை என அதனைச் சாதனமாக்கிய மரபு நம்முடையது. அதனைத் தக்கார்க்குத் தக்கவாறு கற்பிப்பார் அருகினர். ஆதீனங்களும் சைவ சபைகளும் சித்தாந்த வகுப்புகளோடு, தீக்கை பெற்றார்க்குச் செபமும் தியானமும் பயிற்றும் வகுப்புகளையும் நடத்துதல் வேண்டும்.

இப்பயிற்சியில் ஏற்கெனவே பழகிய அன்பர்க்கும் ஒன்று கூறுவாம். அசையாதிருக்கவும், ஓடும் மனத்தை வெகுளாது மீட்கவும், எழும் எண்ணத்தை எழுந்ததென்று அறியவும் நீவிர் கற்றவை வீணல்ல; அவற்றை எறிந்துவிட வேண்டா. நாளை வைகறையில் கைப்பேசியை வேற்றறையில் வைத்துத் திருநீறணிந்து, விளக்கின்முன் அவ்வாறே அமர்மின். மூச்சு மூச்சாக நிற்க, நினைவு திருவைந்தெழுத்தில் நிற்பதாகுக. நூற்றெட்டு உரு முடிந்தபின் திருமுறைப் பதிகம் ஒன்று ஓதுமின். தீக்கை பெறாதவர் தக்க ஆசாரியனை நாடுமின். பெற்றவர் அவ்வாசாரியனிடமே சென்று தம் ஐயங்களை வினாவுமின். கற்ற அமைதி திருவடி நினைவிற்கு இருக்கையாகுமாயின், தேடிச்சென்ற அலைச்சலும் பயனுடையதாகும்.

திருச்சிற்றம்பலம்.